அபூர்வ வியாதி என்று சொல்லிவிட்டால் ஆச்சா?

போன வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு ரிசப்ஷன். மணி ஏழரை இருக்கும். என்னோடு இருபது வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டீ குடித்த நண்பர் எதிரே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "என்ன சார்வாள், கண்ணு சொருகுது? சாயங்காலமே ஆரம்பிச்சாச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். என் வியாதியில் சாயங்காலம் ஆனால் சிரிக்கிற தசையும் சோர்ந்துபோகும். உதட்டோரம் மேலே ஏறாது. பல்லைக் காட்டி உறுமுவது போலத்தான் இருக்கும். நான் கோபப்பட்டுவிட்டேன் என்று நினைத்து நண்பர் மெல்ல நகர்ந்துவிட்டார். உண்மையில் அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் காலையில்தான் வந்தது. அதுவும் அவர் மேல் இல்லை. யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகப் பள்ளிக்கூடக் கதைகளையும், தாமிரபரணியில் குளித்த கதைகளையும் எழுதுகிறவன். படிக்கிறவர்களில் பாதிப்பேர் என் வயசுக்காரர்கள். இந்த ஒரு தடவை என் உடம்புக் கதையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் உபயோகப்படலாம்.

நான் 2014-ல் ரிட்டயர் ஆனேன். 2022 ஜூன் மாதம், அப்போது எனக்கு 66 வயசு, ஒரு நாள் சாயங்காலம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது இடது கண் இமை பாதி மூடிக்கொண்டது. தூக்கம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சரியாக இருந்தது. சாயங்காலம் மறுபடியும் விழுந்தது. ஒரு மாதத்தில் தெரு விளக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. பிறகு சாப்பாடு. முதல் பத்து வாய் நன்றாக மெல்லுவேன்; பாதிச் சாப்பாட்டில் தாடை நின்றுவிடும், கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் குரல். முப்பத்து நாலு வருஷம் கடைசி பெஞ்சு வரை கேட்கக் கத்திய குரல், பத்து நிமிஷம் பேசினால் மூக்கில் பேசுகிற மாதிரி ஆனது.

ஒரு கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். இன்னொருவர் மறுபடியும் மாற்றினார். மூன்றாமவர் புரை ஆரம்பம் என்றார். பொது மருத்துவர் ஒருவர், "அறுபத்தாறு ஆச்சுல்லா, எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றார். தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அது நார்மல். "நார்மல்னு வந்திருக்கு, சந்தோஷமா இருங்க" என்று அனுப்பினார்கள். கடைசியாக ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு மனச்சோர்வு வருவது சகஜம் என்று அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவர்கள் எல்லோருமே என்னைக் காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில்தான் பார்த்தார்கள். என் வியாதி சாயங்காலம் வருகிற வியாதி. தசையை உபயோகிக்க உபயோகிக்கச் சோரும். ஓய்வு கொடுத்தால் திரும்பி வரும். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்து, பஸ் ஏறிப் போய், உட்கார்ந்து காத்திருக்கிறவனுக்குக் கண் நன்றாகத்தானே திறந்திருக்கும்? "சாயங்காலம் பாத்தா தெரியும் டாக்டர்" என்று என் மனைவி ஒவ்வோர் இடத்திலும் சொன்னாள். "சாயங்காலம் ஓ.பி. கிடையாதும்மா" என்றார்கள்.

பதினோரு மாதம் இப்படிப் போயிற்று. 2023 மே மாதம் ஒரு நாள், பஸ் பழுதாகி, பக்கத்துப் பெரிய ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ட்யூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பையன், என் கடைசி பேட்ச் மாணவன் வயசுதான் இருக்கும். "மோட்டுவளையப் பாத்துக்கிட்டே இருங்க சார், கண்ண இறக்காதீங்க" என்றான். ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு இமையும் சரிந்துவிட்டன. கையுறையில் ஐஸ் கட்டியைப் போட்டு முடிச்சுப் போட்டு இடது இமை மேல் இரண்டு நிமிஷம் வைத்தான். எடுத்ததும் இமை மேலே நின்றது. குளிர்ச்சி பட்டால் இந்த வியாதியில் இமை சற்று நேரம் தூக்கும் என்று விளக்கினான். அதன் பிறகு நரம்பில் கரண்ட் கொடுத்துப் பார்க்கும் சோதனை, ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை, நெஞ்சில் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன். கட்டி இல்லை. வியாதி உறுதி. பேர் மயஸ்தீனியா கிராவிஸ்.

பதினோரு மாதமும், மூன்று கண்ணாடியும், ஒரு எம்.ஆர்.ஐ.யும் செய்யாததை ஒரு ஐஸ் கட்டி செய்தது. அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும்.

வியாதி என்னவென்று எளிமையாகச் சொல்கிறேன். மூளையின் உத்தரவு நரம்பு வழியாக வந்து, நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனமாகச் சுரக்கிறது. அது தசையின் வாசலில் உள்ள பூட்டில் சாவி மாதிரி நுழைந்தால்தான் தசை அசையும். என் உடம்பே தயாரித்த எதிர்ப்பொருள் அந்தப் பூட்டுகளை அடைத்துக்கொள்கிறது, அழிக்கவும் செய்கிறது. மூளை சரி, நரம்பு சரி, தசையும் சரி. சேரும் இடம்தான் சரியில்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் இளவயதிலும், ஆண்களுக்கு அறுபதுக்கு மேலும் வருகிறது.

இது நேற்றுக் கண்டுபிடித்த வியாதியும் இல்லை. 1934-ல் லண்டனில் கிரீனிச் பகுதியில், ஏழைகளுக்கான செயின்ட் ஆல்ஃபெஜ் ஆஸ்பத்திரியில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர், அம்பில் தடவும் குராரே விஷம் ஏறியவர்களைப் போலவே இந்த நோயாளிகள் இருக்கிறார்களே என்று யோசித்தார். அந்த விஷத்துக்கு முறிவாக இருந்த ஃபைசோஸ்டிக்மினை ஊசியாகப் போட்டார். விழுந்த இமை தூக்கிக்கொண்டது. அவர் பெரிய பேராசிரியர் இல்லை, உதவி டாக்டர்தான். அந்த மருந்தின் வம்சத்தில் வந்த பிரிடோஸ்டிக்மின் மாத்திரையைத்தான் நான் இன்று சாப்பிடுகிறேன். தொண்ணூறு வருஷமாக மருந்து உள்ள வியாதி இது. அமிதாப் பச்சனுக்கும் இருந்தது, கூலி படப்பிடிப்பில் அடிபட்டுப் பிழைத்ததற்குப் பிறகு வந்தது என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் அதைச் சொன்னாலும் எனக்குச் சங்கடம்தான். "அவரு இன்னும் ஜம்முனு நடிச்சிக்கிட்டுத்தானே இருக்காரு?" என்று கேட்கிறார்கள்.

இனிமேல்தான் என் வழக்கு ஆரம்பம். வியாதியைக் கண்டுபிடிக்கத் தாமதமானதைக்கூட மன்னித்துவிடுவேன். கண்டுபிடித்த பிறகு நடந்ததை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பெரிய டாக்டரைப் பார்த்தோம். நாலு நிமிஷம் இருக்கும். "ரேர் டிசீஸ் சார் இது. ஆனா பயப்படாதீங்க, மருந்து இருக்கு. இத சாப்பிடுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க." சீட்டில் மூன்று மருந்து. அவ்வளவுதான். மாத்திரை மூன்று நாலு மணி நேரம்தான் வேலை செய்யும், ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் மெல்ல முடியும் என்று யாரும் சொல்லவில்லை. எப்போது அபாயம் என்று சொல்லவில்லை. எந்த மருந்தெல்லாம் எனக்கு ஆகாது என்று சொல்லவில்லை. கையில் ஒரு காகிதம் கொடுக்கவில்லை. "வேற யாருக்கும் இந்த வியாதி இருக்கா டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள். "ரொம்ப அபூர்வம்மா" என்று அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

பத்து வாரம் கழித்துச் சிறுநீர்த் தொற்றில் காய்ச்சல் வந்தது. எங்கள் தெருமுனை டாக்டர் முப்பது வருஷமாக எங்கள் குடும்பத்துக்குப் பார்ப்பவர். "வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுதியளா?" என்று கேட்கத்தான் செய்தார். "நரம்புக்கு ஒரு மாத்திரை" என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அமிகாசின் ஊசி போட்டார். சிறுநீர்த் தொற்றுக்கு எல்லோருக்கும் போடுகிற ஊசி. என் வியாதிக்கு ஆகாத ஊசி. ஏற்கெனவே அடைபட்டிருக்கும் அந்தப் பூட்டுக்குச் சாவி வருவதையும் அது குறைத்துவிடும்.

இரண்டாம் நாள் ராத்திரி கஞ்சி மூக்கு வழியாக வெளியே வந்தது. தலை நிற்கவில்லை, மனைவி தாங்கிப் பிடித்திருந்தாள். மூச்சு போதவில்லை. மூச்சுத் திணறல் என்றால் இரைப்பும் சத்தமும் இருக்கும் என்று நினைப்பீர்கள். இதில் ஒன்றும் இருக்காது. காற்றை இழுக்கிற தசை சோர்ந்துவிடும், ஆள் அமைதியாக இருப்பான். விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் கடைசி வரை நன்றாகத்தான் காட்டும். 108-ல் கூட்டிப் போனார்கள். ஒன்பது நாள் ஐ.சி.யு. அதில் நாலு நாள் தொண்டையில் குழாய்.

இதற்கு இரண்டு சிகிச்சை. ஒன்று, ரத்தத்தின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு வேறு திரவம் மாற்றுவது. இன்னொன்று, ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை நரம்பில் ஏற்றுவது. நான் போன இடத்தில் இரண்டாவதுதான் இருந்தது. உடம்பு எடையில் கிலோவுக்கு 2 கிராம். நான் 60 கிலோ. 120 கிராம். 5 கிராம் பாட்டில் 24. கணக்கு வாத்தியாருக்கு இதில் சிரமம் இல்லை. பணத்துக்குத்தான் சிரமம்.

மாசாமாசம் பென்ஷனில் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். காப்பீட்டு டெஸ்கில் இருந்தவர் வியாதியின் பேரை என் மகனிடம் மூன்று தடவை எழுத்துக்கூட்டச் சொன்னார். பிறகு, "லிஸ்ட்ல வரலையே சார்" என்றார். எழுதி, கேட்டு, திரும்ப எழுதி, ஏழு மாதம் கழித்து மூன்றில் ஒரு பங்கு வந்தது. மீதிக்கு 1983-ல் என் மனைவி கழுத்தில் ஏறிய நாலு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போய், பதினாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தது.

தெருமுனை டாக்டர் ஐ.சி.யு.வுக்கே வந்து பார்த்தார். "என்கிட்ட வியாதி பேர ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்வாள்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பேச வராது, குழாய் இருந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொல்லியிருப்பேன், யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்.

ஒரு காகிதம். அரைப்பக்கம். தமிழில். "எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ் இருக்கிறது. கீழ்க்கண்ட மருந்துகள் எனக்கு ஆபத்தாகலாம்: ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஊசிகள், சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின், அசித்ரோமைசின், நரம்பில் ஏற்றும் மெக்னீசியம், பிரஷருக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், குளோரோகுயின், குயினைன். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லவும்." இதை ஜெராக்ஸ் எடுக்க ஒரு ரூபாய் ஆகும். இதில் பாதி மருந்து நம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே கேட்டு வாங்குகிற மருந்து. சில சமயம் வேறு வழியில்லாமல் கொடுக்க வேண்டியும் வரும். அப்போது தெரிந்து, பக்கத்தில் வைத்துக் கவனித்துக் கொடுப்பார்கள். தெரியாமல் கொடுப்பதுதான் ஆபத்து.

"சார், டாக்டருக்கு ஒரு நாளைக்கு நூறு பேர். உங்களுக்கு நாலு நிமிஷம் கொடுத்ததே பெரிசு" என்று நியாயம் சொல்கிறவர்கள் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். எழுபது பிள்ளைகள் இருந்த வகுப்பில் நானும் பாடம் நடத்தியவன்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகச் சொல்ல நேரம் இல்லாததால்தான் சூத்திரங்களை ஸ்டென்சில் எடுத்துக் கொடுத்தோம். நேரம் இல்லாத இடத்தில்தானே காகிதம் வேண்டும்?

அப்போது என்ன பதில் வருகிறது? "அபூர்வ வியாதி, ஒவ்வொன்றுக்கும் காகிதம் அடித்துக்கொண்டிருக்க முடியுமா?" சரி, எவ்வளவு அபூர்வம் என்று பார்த்துவிடுவோம். பல நாடுகளில் எடுத்த கணக்குப்படி, லட்சம் பேருக்குச் சுமார் 10 முதல் 20 பேர். 2011 சென்சஸில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. பெருக்கிப் பாருங்கள்: 7,000 பேரிலிருந்து 14,000 பேர் வரை. தென்காசி பிரியாத அன்றைய நெல்லை மாவட்டத்தில் 30 லட்சம் பேர். அதாவது 300 முதல் 600 பேர். என் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை காலை ப்ரேயரில் நிற்கிற கூட்டம் அது. அவ்வளவு பேர் ஒரு மைதானத்தில் நின்றால் யாராவது அபூர்வம் என்பார்களா? தனித்தனி வீட்டில் படுத்துக் கிடப்பதால் அபூர்வமாகத் தெரிகிறது.

சர்க்கார் பக்கம் போனால் கதை தலைகீழ். மத்திய அரசு 2021-ல் அபூர்வ நோய்களுக்கென்று தேசியக் கொள்கை கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள நோய்களுக்கு, குறிப்பிட்ட சில பெரிய ஆஸ்பத்திரிகளில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. நல்ல காரியம். பெரும்பாலும் பிறவியிலேயே வரும் மரபணு நோய்கள் அதில் இருக்கின்றன. அந்தக் குழந்தைகளுக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டும். என் வியாதி அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, டாக்டரிடம் போனால் நான் அபூர்வம், அதனால் நேரம் இல்லை. சர்க்காரிடம் போனால் நான் அபூர்வம் இல்லை, அதனால் பணம் இல்லை. எனக்குத் தோதான பக்கம் மட்டும் எப்போதும் கதவு சாத்தியிருக்கிறது.

ஆனால் எனக்கு பென்ஷன் இருக்கிறது, மனைவி இருக்கிறாள், நம்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில்லாதவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது வெறும் கிழவன் புலம்பல் ஆகிவிடும்.

என் மாத்திரை எங்கள் பக்கத்து மெடிக்கல்களில் கிடைக்காது. "வரவழைச்சித் தாரேன், நாலு நாளாகும்" என்பார்கள். இதில் நாலு நாள் என்பது நாலு நாள் சாப்பிடாமல் இருப்பதற்குச் சமம். ஒரே ஒரு கடைக்காரர் மட்டும் ஸ்டாக் வைக்கிறார். ஒரு நாள் அவர் சொன்னார்: "சார்வாள், இதே மாத்திரைய கோவில்பட்டியிலருந்து ஒரு பிள்ள வந்து வாங்குது. ஒங்களுக்குத்தான் வேற ஆளத் தெரியலன்னு சொன்னியளே." அந்தப் பெண்ணின் சம்மதம் கேட்டு என் நம்பரை அவரே கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி செய்யாத காரியத்தை ஒரு மருந்துக் கடைக்காரர் செய்தார்.

அந்தப் பெண்ணுக்கு 29 வயசு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். காலையில் குச்சி அடுக்கும்போது கை வேகமாக ஓடும். மதியத்துக்கு மேல் தூக்கினால் கை நிற்காது. வேலை போய்விட்டது. "காலையில நல்லா இருக்கா, சாயங்காலம் சோறு பொங்கணும்னா படுத்துக்கிடுதான்னு சொல்லுதாங்க சார். நடிக்கேன்னு சொல்லுதாங்க" என்றாள். நான் பதில் சொல்ல வெகு நேரம் ஆயிற்று. எனக்காவது கேலி. அவளுக்கு அது ஏச்சும் பேச்சும். சொந்தக்காரர்கள், "குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சியளா?" என்று எங்களிடமும் கேட்டார்கள். அவள் வீட்டில் மாத்திரைக் காசை நிறுத்திவிட்டே மந்திரிக்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இதுவரை 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. அதில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்று ஒரு வகை உண்டு. 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் பல உதவிகள் கிடைக்கும். அவளைக் காலை முகாமுக்கு வரச் சொன்னார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினாள். நடக்கச் சொன்னார்கள். நடந்தாள். "நல்லாத்தானே இருக்க" என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் அதே காலை பத்து மணி! சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கையை ஒரு நிமிஷம் தூக்கி வைத்திருக்கச் சொல்லியிருந்தால் வியாதி தானே வந்து சாட்சி சொல்லியிருக்கும்.

இதை எழுதும்போது என் வண்டவாளத்தையும் சொல்லிவிட வேண்டும். கடைசி பீரியடில் தலையைக் கவிழ்க்கிற பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவன்தான் நானும். சோம்பேறி என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. அவர்களில் யாருக்கு என்ன இருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆகவே யாரையும் குற்றம் சொல்லிவிட்டு ஒதுங்க எனக்கு உரிமை இல்லை. என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். பெரிய கேள்வி எதுவும் இல்லை.

வியாதியின் பேரைச் சொல்லும் அன்றைக்கே தமிழில் ஒரு காகிதம் கொடுங்கள். ஆகாத மருந்து எது, ஆபத்து அறிகுறி எது, ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது, அவ்வளவு போதும். சாயங்காலம் கூடுகிற வியாதியைச் சாயங்காலம் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் நரம்பியல் ஓ.பி. நாலு மணிக்கு மேல் நடந்தால் குடி முழுகிவிடாது. சான்று கொடுக்கும் முகாமுக்கும் இதே விண்ணப்பம். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வருகின்றன. என் மனைவிக்கு வருகிறது, நல்ல திட்டம். அதே பையில் அந்தக் கோவில்பட்டிப் பெண்ணின் மாத்திரையையும் வைக்க என்ன தடை? சம்மதம் கேட்டு ஒரு நோயாளியை இன்னொரு நோயாளிக்கு அறிமுகப்படுத்துங்கள். மருந்துக் கடைக்காரரால் முடிந்தது உங்களால் முடியாதா?

நண்பர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது சாயங்காலம் இமை விழுந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், பாதிச் சாப்பாட்டில் தாடை சோர்ந்தால், வயசாச்சு என்று விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்திலேயே செல்போனில் போட்டோ எடுங்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தேதி போட்டு நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். எந்த வியாதியாக இருந்தாலும், அதன் முழுப் பேரையும் சாப்பிடும் மருந்துகளையும் எழுதி பர்ஸில் வையுங்கள். "நரம்புக்கு ஒரு மாத்திரை" என்று என்னைப் போலச் சொல்லாதீர்கள். நானாக எதையும் நிறுத்தவும் கூடாது, நீங்களாக நிறுத்தவும் கூடாது.

இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். பரவாயில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகுதான் பலன் தந்தது. இதைக் காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணிக்குள், மூன்று நாளாக டைப் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில்பட்டிக்குப் போன் பேசுவேன். சாயங்காலம் என்றால் இரண்டு பேர் குரலும் மூக்கில் வரும், ஒருவருக்கொருவர் புரியாது. மருந்துக் கடைக்காரரும் நானும் சேர்ந்து மாத்திரை தடைபடாமல் பார்த்துக்கொள்கிறோம். அவள் வீட்டுக்காரரிடம் ஒரு நாள் நானே பேசினேன். "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அது போதாது, டாக்டர் சொல்லியிருக்க வேண்டும்.

ஐ.சி.யு.வில் ஒரு நர்ஸம்மா ஒன்று சொல்லிக் கொடுத்தார். நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். சடுகுடு மாதிரிதான். எத்தனை வரை போகிறதோ அதுதான் மூச்சுத் தசையின் பலம். இருபதுக்குக் கீழே வந்தால், குறைந்துகொண்டே போனால், யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதையும் அந்த முதல் நாளிலேயே சொல்லியிருக்கலாம். குழாய் எடுத்த அன்று நான் ஒன்பது வரைதான் போனேன்.

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு என் மனைவி தினசரிக் காலண்டரில் அந்தத் தேதித் தாளைக் கிழிக்கும் முன் கேட்பாள்: "ஏங்க, எண்ணுங்க பாப்போம்." நேற்று 31. தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.